செட்டிநாட்டுச் சாலைகளும் காரோட்டுதலின் பாதுகாப்பு வரலாறும்

செட்டிநாட்டில் காரோட்டுதல் என்பது சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பகுதிகளிலும் அவற்றை ஒட்டிய புதுக்கோட்டை மாவட்டப் பகுதிகளிலும் மோட்டார் வாகனப் பயன்பாடு வளர்ந்த வரலாற்றையும், அதனுடன் சேர்ந்து வளர்ந்த பாதுகாப்பு முறைகளையும் குறிக்கும். கைப்பிடியைச் சுற்றி எஞ்சினை இயக்கிய காலம் தொடங்கி, கேமராவும் ரேடாரும் ஓட்டுநருக்கு உதவும் இன்றைய காலம் வரை இவ்வரலாறு ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீள்கிறது. இக்காலம் முழுவதும் ஓட்டுநருக்குப் புதிய துணைகள் வந்துகொண்டே இருந்தன. ஆனால் சாலையில் நிகழ்வதற்குப் பொறுப்பு இன்றும் ஓட்டுநருடையதாகவே உள்ளது.

தொடக்க காலம்

சென்னையில் சிம்ப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903 ஆம் ஆண்டில் நீராவியால் ஓடும் கார் ஒன்றை உருவாக்கினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் இதுவே என்பர். தென் மாவட்டங்களில் மோட்டார் வாகனத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தவர் டி. வி. சுந்தரம் அய்யங்கார். அவர் 1912 இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து சேவையைத் தொடங்கினார். அப்போது புதுக்கோட்டைக்கு ரயில் கிடையாது. மாட்டு வண்டியில் ஒரு நாளுக்கு மேல் பிடித்த பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது.

அன்றைய சாலைகள் மாட்டு வண்டிகளுக்காக அமைந்தவை. மாடுகளின் லாடத்திலிருந்து கழன்று விழும் ஆணிகள் டயர்களைக் கிழித்தன. காந்தம் பொருத்திய வண்டியை முன்னே ஓடவிட்டு அவ்வாணிகளை அகற்ற டி. வி. எஸ். நிறுவனம் ஏற்பாடு செய்தது என்று சொல்லப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது அந்நிறுவனம் கரியிலிருந்து வாயு உண்டாக்கும் கருவியைச் செய்து வாகனங்களில் பொருத்தியது.

பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் வணிகம் செய்த நகரத்தார், தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் கொண்டு வந்து தம் ஊர்களில் பெரிய வீடுகளைக் கட்டினர். அவ்வீடுகளுக்குக் கார்களும் வந்தன. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நீளம் கொண்டது. வண்டிகளை நிறுத்தப் பயன்பட்ட கொட்டகைகள் பல வீடுகளில் கார் ஷெட்டுகளாக மாறின. செட்டிநாட்டின் வணிகர் ஊர்த் தொகுதிகள் 2014 இல் யுனெசுகோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

டிரைவரும் கிளீனரும்

பழைய கார்களை ஓட்டுவது ஒரு தனித்தொழிலாக இருந்தது. கார் வைத்திருந்த பலர் தாமே ஓட்டாமல் டிரைவரை அமர்த்திக்கொண்டனர். லாரிகளிலும் பேருந்துகளிலும் கிளீனர் என்ற உதவியாள் உடனிருந்தார். கைப்பிடியைச் சுற்றி எஞ்சினை இயக்குவது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது, பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று வழி சொல்வது ஆகியவை அவருடைய வேலைகள். இன்றைய காரில் உள்ள பின்புறக் கேமராவும் ஒலி எழுப்பும் உணரியும் இவ்வேலைகளில் கடைசியானதையே செய்கின்றன.

விடுதலைக்குப் பின் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய கார்கள் தமிழகச் சாலைகளில் ஓடின. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. அதன்பின் நடுத்தரக் குடும்பத்தினர் தாமே காரோட்டத் தொடங்கினர். 1990களின் இறுதியில் ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாயும் மறைமலை நகரில் ஃபோர்டும் கார் உற்பத்தியைத் தொடங்கின. தொழில்முறை டிரைவரிடம் இருந்த பயிற்சி, குடும்பத்தினர் கைக்குக் கார் மாறியபோது அதே அளவில் மாறவில்லை. இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பவே சட்டங்களும் கருவிகளும் வந்தன.

சட்டங்கள்

இந்திய மோட்டார் வாகனச் சட்டம் முதலில் 1914 இல் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 1939 ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1988 ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. இன்று நடைமுறையில் உள்ள 1988 சட்டம் 1989 சூலை 1 முதல் செயலுக்கு வந்தது. 2019 இல் அது விரிவாகத் திருத்தப்பட்டு, சீட் பெல்ட் அணியாமைக்கான அபராதம் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

வேக வரம்பு குறித்துத் தமிழ்நாட்டிலிருந்து எழுந்த வழக்கு ஒன்று குறிப்பிடத்தக்கது. நடுவண் அரசு 2018 ஏப்ரலில் வேக வரம்புகளை உயர்த்தி, விரைவுச்சாலைகளில் மணிக்கு 120 கிலோமீட்டர், நடுவே பிரிப்பு உள்ள நான்குவழிச் சாலைகளில் 100 கிலோமீட்டர் என அறிவித்தது. விபத்தில் உடல் செயலிழந்த ஒருவரின் இழப்பீட்டு வழக்கை விசாரித்த சென்னை உயர்நீதிமன்றம், வேகமே இறப்புகளுக்கு முதன்மைக் காரணம் என்று சுட்டிக்காட்டி, 2021 இல் அந்த அறிவிக்கையை நீக்கித் தீர்ப்பளித்தது.

பாதுகாப்புக் கருவிகளின் வருகை

மூன்று முனைகளில் பூட்டப்படும் சீட் பெல்ட்டை வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் 1959 இல் அறிமுகப்படுத்தினார். பிற நிறுவனங்களும் அதைப் பயன்படுத்திக்கொள்ள வால்வோ அனுமதித்தது. சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்குவதைத் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக், பாஷ் நிறுவனத்தால் 1978 இல் மெர்சிடிஸ் கார்களில் பொருத்தப்பட்டது. வண்டி வளைவில் நிலைகுலையாமல் காக்கும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு 1995 இல் வந்தது.

இந்தியாவில் இவை கட்டாயமாகச் சில பத்தாண்டுகள் ஆயின. 2019 சூலை 1 முதல் ஓட்டுநருக்கான காற்றுப்பை, பின்புற உணரி, சீட் பெல்ட் நினைவூட்டி, வேக எச்சரிக்கை ஒலி ஆகியவை எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாயின. வேக எச்சரிக்கை 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டு விட்டும், 120 ஐத் தாண்டினால் இடைவிடாமலும் ஒலிக்கும். முன் இருக்கைப் பயணிக்கான காற்றுப்பை 2021 இல் கட்டாயமானது. கார்களுக்கு நட்சத்திர மதிப்பீடு வழங்கும் பாரத் என்கேப் திட்டம் 2023 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

கருவி இருந்தும் பயன்படுத்தாத நிலை தொடர்கிறது. டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று மகாராட்டிரத்தில் நடந்த விபத்தில் இறந்தார். பின்னிருக்கையில் இருந்த அவர் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை எனக் காவல்துறை தெரிவித்தது. அந்த ஆண்டில் மட்டும் இந்தியாவில் சீட் பெல்ட் அணியாமல் இறந்தோர் 16,715 பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பயணிகள்.

ஓட்டுநர் உதவி அமைப்புகள்

ஓட்டுநர் உதவி அமைப்பு என்பது கேமரா, ரேடார், மீயொலி உணரி ஆகியவற்றால் சுற்றுப்புறத்தை அறிந்து, ஓட்டுநரை எச்சரிப்பது அல்லது பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சிறிது நேரம் தானே இயக்குவது ஆகும்.

இதன் முன்னோடி, வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கண்ட்ரோல். இதைக் கண்டுபிடித்த அமெரிக்கரான ரால்ஃப் டீட்டர் சிறுவயதிலேயே பார்வையிழந்தவர். உடன் வந்தவர் காரைச் சீராக ஓட்டாததை உடலால் உணர்ந்ததே அவருடைய கண்டுபிடிப்புக்குத் தூண்டுதல் என்பர். 1958 இல் கிரைஸ்லர் நிறுவனம் அதைத் தன் கார்களில் வழங்கியது. முன்செல்லும் வண்டிக்கேற்ப வேகத்தைக் குறைத்துக் கூட்டும் ரேடார் வகையை மெர்சிடிஸ் 1999 இல் கொண்டுவந்தது. மோதல் நேரும் நிலையில் தானே பிரேக் போடும் அமைப்பை வால்வோ 2008 இல் வெளியிட்டது.

2014 இல் வெளியான சர்வதேசத் தரநிலை ஒன்று, தானியங்கித் திறனை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. 5 ஆம் நிலையில் மனித ஓட்டுநர் தேவையில்லை. இந்தியச் சாலைகளில் பரவலாக உள்ளவை 1 ஆம், 2 ஆம் நிலைகள் மட்டுமே. 2 ஆம் நிலையில் கார் தானே வேகத்தையும் தடத்தையும் கவனித்துக்கொள்ளும். எனினும் ஓட்டுநர் கையை ஸ்டியரிங்கிலும் கண்ணைச் சாலையிலும் வைத்திருக்க வேண்டும்.

2021 இல் வந்த மகிந்திரா எக்ஸ்யூவி 700 இவ்வமைப்புகளை இந்தியாவில் பலரிடம் கொண்டு சேர்த்தது. செங்கல்பட்டு அருகிலுள்ள மகிந்திரா ஆராய்ச்சி மையமும் செய்யாற்றுச் சோதனை ஓடுதளமும், ஒரகடத்தில் அமைந்த அரசின் வாகன ஆய்வு மையமும் இத்துறையில் தமிழ்நாட்டின் பங்கைக் காட்டுகின்றன.

செட்டிநாட்டுச் சாலைகளில் இவற்றின் எல்லைகள்

திருமயத்திலிருந்து காரைக்குடி, தேவகோட்டை வழியாக இராமநாதபுரம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 536, திருமயம், திருப்பத்தூர், சிவகங்கை வழியாக மானாமதுரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 36 ஆகியவை இப்பகுதியின் முதன்மைச் சாலைகள். இவற்றிலிருந்து ஊர்களுக்குப் பிரியும் சாலைகள் குறுகலானவை. உதவி அமைப்புகள் பின்வரும் இடங்களில் தடுமாறக்கூடும்:

- தடம் காக்கும் அமைப்பு வெள்ளைக் கோடுகளைப் பார்த்தே இயங்கும். கோடு அழிந்த ஊர்ச் சாலைகளில் அது செயல்படாது. பள்ளத்தையோ ஆட்டையோ தவிர்க்க ஓட்டுநர் சிக்னல் போடாமல் விலகும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் இழுக்கவும் கூடும்.
- மாட்டு வண்டி, நெல் உலர்த்த வைத்த கல், விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டர் டிரெய்லர் போன்றவற்றை அமைப்பு தாமதமாக அறியலாம் அல்லது அறியாமலே போகலாம்.
- ஆயுத பூசையன்று முன்கண்ணாடியில் பூசும் சந்தனமும் குங்குமமும் கேமராவை மறைக்கும். முன்பக்கம் கட்டும் மாலையும் வாழைக்கன்றும் ரேடாரை மறைக்கும். பூசை முடிந்ததும் இவற்றை முழுவதும் அகற்றித் துடைத்த பின்னரே காரை எடுக்க வேண்டும்.
- முன்கண்ணாடியை மாற்றினால் கேமராவை மீண்டும் அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

பாதயாத்திரைக் காலம்

தைப்பூசத்தையொட்டிச் செட்டிநாட்டிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை செல்வது பல தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம். நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகச் செல்லும். வெயிலைத் தவிர்க்க அடியார்கள் பின்னிரவிலும் விடியற்காலையிலும் சாலையோரமாக நடப்பர்.

உதவி அமைப்புகளின் மிகப் பெரிய குறை வெளிப்படுவதும் இருட்டில்தான். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2022 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாதசாரிகளை அறிந்து தானே பிரேக் போடும் அமைப்பு பாதசாரி விபத்துகளை மொத்தத்தில் 27 விழுக்காடு குறைக்கிறது. ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டுச் சாலைகளில் அதனால் பயன் எதுவும் காணப்படவில்லை. இந்தியாவில் 2022 இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். தமிழ்நாட்டில் அவ்வாண்டு 64,105 விபத்துகளில் 17,884 பேர் இறந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம்.

இதை எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடும். ஆளைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆனால், அதற்குள் 33 மீட்டர் கடந்துவிடும். பிரேக் பிடித்து நிற்க மேலும் ஏறத்தாழ 35 மீட்டர். மொத்தம் 68 மீட்டர். தாழ்ஒளி விளக்கில் அடர்நிற உடையணிந்தவர் 50 மீட்டர் தொலைவில் தெரிந்தாலே பெரிது. 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கத் தேவையான தொலைவு ஏறத்தாழ 45 மீட்டர். ஆகவே இருட்டுச் சாலையில் 60 இல் வருபவர் நின்றுவிடலாம். 80 இல் வருபவரால் நிற்க முடியாது.

நடப்பவர்கள் வெளிர்நிற உடை அணிந்து, ஒளி எதிரொலிக்கும் பட்டையை முதுகிலும் பையிலும் ஒட்டி, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் வலப்புறம் செல்வது நல்லது.

பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறை

- பின்னிருக்கை உட்பட அனைவரும் சீட் பெல்ட் அணிய வேண்டும். ஒலியை நிறுத்த வெறும் கொக்கியை மாட்டுவது காற்றுப்பையின் பாதுகாப்பையும் கெடுக்கும்.
- ஓட்டுநரின் மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமரக் கூடாது.
- ஏபிஎஸ் உள்ள காரில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. அம்பாசடர் காலத்தில் பழகிய அந்த முறை இங்குப் பொருந்தாது. முழுவதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். காலடியில் உணரும் அதிர்வு இயல்பானது.
- குரூஸ் கண்ட்ரோலை ஊருக்குள்ளும், மழையிலும், திருவிழாக் காலத்திலும் பயன்படுத்தக் கூடாது.
- புதிய காரை எடுத்தவுடன் கையேட்டைப் படித்து, எந்த எச்சரிக்கை ஒலி எதற்கு என்று தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் ஓட்டும் மற்றவர்களுக்கும் அதைச் சொல்லித் தர வேண்டும்.

பொறுப்பு

உதவி அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது என்பது இந்தியச் சட்டத்தில் ஓட்டுநரின் பொறுப்பை நீக்காது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106 ஆம் பிரிவு, கவனக்குறைவால் இறப்பு ஏற்படுத்துவோருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

விபத்தில் அடிபட்டோருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கும் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கியது. 108 அவசர ஊர்தி சேவை 2008 முதல் இயங்குகிறது. இவை விபத்துக்குப் பின் உயிர் காப்பவை. விபத்து நேராமல் காப்பதில், கேமரா காணாத இருட்டில் நடந்து செல்பவரை எதிர்பார்த்து, வேகத்தைக் குறைக்கும் ஓட்டுநருக்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை.