ஆதிமூலம், கே. எம். (1938–2008)

தமிழகத்தின் நவீன ஓவியர்களுள் முதன்மையானவர். பேனா மையால் வரைந்த கோட்டோவியங்கள், உருவமற்ற வண்ண ஓவியங்கள், தமிழ் எழுத்துருக்கள் ஆகிய மூன்றிலும் தடம் பதித்தவர். கலைக்கூடத்தின் வாசலை மிதித்திராத தமிழ் வாசகருக்கும் நவீன ஓவியத்தை நூல் அட்டை வழியாகவும் இதழ்ப் பக்கங்கள் வழியாகவும் கொண்டுசேர்த்தது இவரது பெரும் பணி.

இளமையும் கல்வியும்

திருச்சிராப்பள்ளி மாவட்டம் துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938இல் பிறந்தார். ஓவிய ஆர்வத்தோடு சென்னை வந்தவருக்குச் சிற்பி எஸ். தனபால் ஆசானாகவும் ஆதரவாகவும் அமைந்தார். 1850இல் தொடங்கப்பெற்ற சென்னை ஓவியப் பள்ளியில் 1960 முதல் 1966 வரை பயின்றார். அப்போது பள்ளியின் முதல்வராக இருந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். மேற்கத்திய பாணிகளை அப்படியே பின்பற்றாமல், நம் மண்ணின் கோட்டு மரபிலிருந்தே நவீனத்தைத் தேட வேண்டும் என்ற சிந்தனை அங்கே வேரூன்றிய காலம் அது. ஆதிமூலத்தின் கலை அதில் விளைந்தது.

கோட்டோவியங்கள்

காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி ஓவிய வரிசை பரவலான கவனம் பெற்றது. இவற்றில் நிழலைத் தனியே தீட்டுவதில்லை. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடி, நெருங்கும் இடத்தில் இருளும் விலகும் இடத்தில் ஒளியும் பிறக்கின்றன. எலும்பும் தோலுமான அந்த எளிய உடலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை அமைவது அரிது.

அடுத்து வந்தது மகாராஜாக்கள் வரிசை. தலைப்பாகை, மீசை, அணிகலன் என ஆடம்பரம் குறையாமல் அமர்ந்திருக்கும் இம்மன்னர்களின் உடல்கள் சிதைந்து கரைந்துகொண்டிருக்கும். அதிகாரம் போன பின்னும் தோரணை விடாத மனிதரை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய தமிழக ஓவியங்கள் சில. 1962 முதல் 1996 வரையிலான கோட்டோவியங்கள் ‘பிட்வீன் தி லைன்ஸ்’ என்ற நூலாகத் தொகுக்கப்பட்டுள்ளன.

இதழ்களும் எழுத்துருவும்

சேலத்திலிருந்து 1968 முதல் வெளிவந்த ‘நடை’, 1970இல் சென்னையில் தோன்றிய ‘கசடதபற’ ஆகிய சிற்றிதழ்களோடு ஆதிமூலம் நெருங்கிய உறவு கொண்டிருந்தார். புதுக்கவிதையும் நவீன நாடகமும் முளைவிட்ட அந்த வட்டத்தில் எழுத்தாளர்களும் ஓவியர்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர். நூல் அட்டையும் ஒரு கலைப்படைப்பே என்ற எண்ணம் தமிழ்ப் பதிப்புலகில் வேர்பிடிக்க அவரது அட்டைகள் உதவின.

சிற்றிதழ்களின் வாசகர் சிலரே. ஜூனியர் விகடனில் தொடராக வந்த கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் வரைந்த படங்களோ தேநீர்க் கடை, பேருந்து, திண்ணை என எங்கும் பார்க்கப்பட்டன. கி.ரா.வின் பேச்சுநடைக்கு ஈடாக அவரது கோடும் கிராமத்து முகங்களைப் பேசவைத்தது.

நூல் தலைப்புகளைத் தூரிகையால் தம் கைப்படவே எழுதினார். அச்செழுத்தின் ஒரே சீரான அளவிலிருந்து விலகி, தடித்தும் மெலிந்தும் சொரசொரப்பாகவும் ஓடும் அந்த எழுத்துமுறை பின்வந்த வடிவமைப்பாளர் பலருக்கு முன்மாதிரியானது. தமிழ் எழுத்தின் வளைவிலும் சுழியிலும் ஓர் ஓவியம் உறங்குவதை அவர் காட்டினார்.

வண்ண ஓவியங்கள்

நெசவாளர் சேவை மையத்தில் கைத்தறித் துணி வடிவமைப்பாளராகப் பணியாற்றினார். பின்னாளில் எண்ணெய் வண்ணத்தில் உருவங்களை முற்றிலும் துறந்தார். கத்தியால் அழுத்தி இழுத்த கனத்த வண்ணப் பரப்புகளில் மரமோ மலையோ தனியாகத் தெரியாது. எனினும் உழுத நிலம், நீர், வெளி ஆகியவற்றின் உணர்வு பார்ப்பவரை வந்தடையும். கறுப்பு மையால் பெயர் பெற்றவர், புகழ் தந்த வழியிலேயே நின்றுவிடாமல் வண்ணத்துக்குள் புதிதாக நுழைந்தது அவரது கலைத் துணிவுக்குச் சான்று.

மறைவு

2008 ஜனவரி 15 அன்று சென்னையில் காலமானார். அவரது வண்ண ஓவியங்களைக் காணக் காட்சிக்கூடங்களுக்குச் செல்ல வேண்டும். அவரது கோடுகளும் எழுத்துகளும் தமிழ் வீடுகளின் புத்தக அலமாரிகளிலேயே இருக்கின்றன.