சூ பிங்கின் 'பின்னணிக் கதை'

சின்ன காஞ்சிபுரத்தில் கைத்தறிப் பட்டுச்சேலை வாங்குவோர் அதைத் திருப்பிப் பின்புறத்தையும் பார்ப்பதுண்டு. புட்டாவின் நூல் முனைகளும் நெய்தவரின் கைவேலையும் அங்கேதான் தெரியும். சீனக் கலைஞர் சூ பிங் (பிறப்பு 1955) படைத்த 'பின்னணிக் கதை' என்னும் நிறுவல் கலைத் தொடரையும் இவ்வாறே இருபுறமும் பார்க்க வேண்டும். பொருள்களை ஓரிடத்தில் அமைத்து, அந்த இடத்தையே படைப்பாக்குவது நிறுவல் கலை எனப்படும்.

இத்தொடருக்கு அடிப்படை பழைய சீன நிலக்காட்சி ஓவியங்கள் ஆகும். சீன மொழியில் இவ்வகை ஓவியத்துக்கு 'ஷான் ஷுயி' என்று பெயர். ஷான் என்றால் மலை. ஷுயி என்றால் நீர். பட்டுத்துணியிலும் தாளிலும் மை கொண்டு வரையப்பட்ட இக்கலை, சோங் பேரரசின் காலத்தில் (960–1279) உயர்நிலை அடைந்தது. முன்னோரின் ஓவியத்தைப் பார்த்து மீண்டும் வரைவது இம்மரபில் குறையாகக் கருதப்படவில்லை. கலையைக் கற்கவும் முன்னோரை மதிக்கவும் அதுவே வழி.

தொடரின் முதல் படைப்பு 2004ஆம் ஆண்டு பெர்லினில் அப்போது இருந்த கிழக்காசியக் கலை அருங்காட்சியகத்தில் அமைந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் சோவியத் படையினர் இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் பெரும்பகுதியை எடுத்துச் சென்றனர். பல ஓவியங்களுக்குக் கறுப்பு வெள்ளை ஒளிப்படங்களே எஞ்சின. அவற்றைப் பார்த்து, இழந்த நிலக்காட்சிகளைச் சூ பிங் நிழலால் மீண்டும் அமைத்தார்.

அமைப்பு முறை எளியது. பெரிய மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் உலர்ந்த கிளைகள், இலைகள், சணல் நார், கசங்கிய தாள் முதலியவை பொருத்தப்படும். அவற்றின் மீது விளக்கொளி விழும். கண்ணாடியை ஒட்டியுள்ள பொருள் அழுத்தமான கோடாகத் தெரியும். விலகியுள்ளது மங்கித் தெரியும். இதனால் அருகிலுள்ள பாறையும் தொலைவிலுள்ள பனி மூடிய மலையும் மையே இல்லாமல் உருவாகின்றன.

2011இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இத்தொடரின் ஏழாம் படைப்பு இடம்பெற்றது. அங்குள்ள 1654ஆம் ஆண்டைச் சேர்ந்த வாங் ஷிமினின் ஓவியம் அதற்கு மூலம். முன்னால் நின்று மலையைக் கண்டவர்கள், பின்னால் சென்று குப்பையைக் கண்டனர்.

லண்டனில் மூல ஓவியம் அருங்காட்சியகத்திலேயே இருந்தது. பெர்லினிலோ அது இல்லை. அங்கே கண்ணாடியில் தெரிந்த மலை, ஓவியத்தின் வடிவத்தை மட்டுமே மீட்டுத் தந்தது. விளக்கை அணைத்தால் அதுவும் மறைந்துவிடும். போரில் எதை இழந்தோம் என்பதைப் பார்வையாளர் உணர்வதற்கு அந்த நிழலே போதுமானதாக இருந்தது.