உறக்கப்பையின் வெப்பம் யாருடையது?

கம்பளி சூடு தரும் என்பது அன்றாடத் தமிழ் வழக்கு. அத்தொடரில் எழுவாயாக நிற்பது கம்பளி. சூடு அதன் கொடை. இலக்கணம் ஏற்கும் இந்த எழுவாயை இயற்பியல் ஏற்பதில்லை. கம்பளி எவ்வெப்பத்தையும் உண்டாக்குவதில்லை. உண்ட உணவை எரித்து உடல் வெளியிடும் வெப்பம், இழைகளுக்கிடையே சிறைப்பட்ட அசையாக் காற்றைக் கடந்து வெளியேறத் தாமதமாகிறது. அத்தாமதத்தையே கதகதப்பு என்கிறோம். ஐஸ் கட்டியை உருகாமல் காக்க மரத்தூளில் புதைத்து வைப்பதும் இதே விதியின் மறுபக்கம்தான்.

கடுங்குளிரில் திறந்தவெளியில் தங்குவோர் நுழைந்து உறங்கும் பைக்கு ஜெர்மன் மொழியில் ‘ஷ்லாஃப்சாக்’ என்று பெயர், நார்வே மொழியில் ‘சோவபோஸ’, ஆங்கிலத்தில் ‘ஸ்லீப்பிங் பேக்’, தமிழில் உறக்கப்பை. எல்லாப் பெயர்களும் உறக்கத்தையும் பையையும் சேர்த்து அமைந்தவை. வெப்பத்தை உண்டாக்கும் உடலுக்கு அப்பெயர்களில் இடமில்லை. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக்கால உறக்கப்பை வரலாற்றை, விடுபட்ட அந்த உடல் சிறிது சிறிதாகக் கணக்கில் ஏறிய வரலாறாக வாசிக்கலாம்.

பிரான்சிஸ் கால்டன் 1855-இல் வெளியிட்ட ‘பயணக் கலை’ நூலில், பிரனீஸ் மலைக் கணவாய்களில் இரவுக் காவல் புரிந்த பிரெஞ்சுச் சுங்கக் காவலர்களின் ஆட்டுத்தோல் பைகளைப் பற்றிய விவரம் உண்டு. அதாவது, மலையேற்றம் பொழுதுபோக்காகப் பரவுவதற்கு முன்பே, ஊதியத்திற்காகக் குளிரில் கிடந்தவர்களிடம் இப்பொருள் இருந்தது. 1876-இல் வேல்ஸ் நாட்டின் நியூடவுனைச் சேர்ந்த துணி வணிகர் பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ் ‘யூக்ளிசியா’ என்னும் கம்பளி விரிப்புக்குக் காப்புரிமை பெற்றார். காற்றடைக்கும் ரப்பர்த் தலையணை அதிலேயே தைக்கப்பட்டிருந்தது. மடித்துப் பொருத்தினால் அது பையாகும். துருக்கியுடன் போரிட்ட ரஷ்யப் படை அவற்றைப் பெருமளவில் வாங்கியது. 1877 டிசம்பரில் பிளெவ்னா வீழ்ந்ததும் தேவை குறைந்தது. ஆயிரக்கணக்கான விரிப்புகள் வணிகரிடமே தேங்கின. இக்கட்டம்வரை உறக்கப்பை என்பது வடிவம் மாறிய போர்வை. அதற்குள் கிடப்பவர் யார், எப்படிப்பட்டவர் என்ற கேள்வி எழவில்லை.

1888-இல் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்காகக் கடந்த ஃபிரிட்ஜோஃப் நான்சென் குழுவில் அறுவர் இருந்தனர்; அவர்களுள் இருவர் சாமி இனத்தவர். அறுவருக்குமாகக் கொண்டுசென்றவை கலைமான் தோலால் ஆன இரண்டே பைகள். பைக்கு மூவர் நெருங்கிப் படுத்தனர். இதனால் சுமை குறைந்தது. ஒருவரின் உடல் வெப்பம் அடுத்தவருக்கும் பயன்பட்டது. வெப்பத்தின் ஊற்று எது என்பதைச் செயலில் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

உடல் வெப்பத்தை மட்டும் வெளியிடுவதில்லை, ஈரத்தையும் வெளியிடுகிறது. இதன் முழு விலை 1911-இல் அண்டார்க்டிகாவில் தெரியவந்தது. ஸ்காட்டின் பயணக் குழுவைச் சேர்ந்த எட்வர்ட் வில்சன், ஹென்றி போவர்ஸ், ஆப்ஸ்லி செர்ரி-கெரார்ட் ஆகிய மூவரும் பேரரசப் பெங்குவின் முட்டைகளைத் தேடி, சூரியன் தலைகாட்டாத குளிர்காலத்தில், ஜூன் 27 அன்று கேப் இவான்ஸிலிருந்து கேப் குரோசியருக்குப் புறப்பட்டனர். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 60 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கியது. இரவெல்லாம் வியர்வையும் மூச்சின் ஈரமும் கலைமான் தோலில் ஊறின; பகலில் அந்த ஈரம் பனிக்கட்டியாக இறுகியது. மாலைதோறும் பலகைபோல் விறைத்த பைக்குள் உடலை அங்குலம் அங்குலமாகச் செலுத்தி, அந்த உடலின் வெப்பத்தாலேயே பையை இளக்கவேண்டியிருந்தது. புறப்படும்போது மூன்று பைகளும் சேர்ந்து 52 பவுண்டு எடை. ஐந்து வாரங்கள் கழித்துத் திரும்பியபோது 118 பவுண்டு. கூடிய 66 பவுண்டும் மூவரின் உடலிலிருந்து வெளியேறி உறைந்த நீரே. உடலுக்குக் காவலாகச் சென்ற பை, உடலின் வெப்பத்தை உண்ணும் பொருளாக மாறிவிட்டது.

செர்ரி-கெரார்ட் அப்பயணத்தை நூலாக வெளியிட்டது 1922-இல். அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்டில் இதற்கு நேர் எதிரான பாடம் கிடைத்தது. வேதியியலாளர் ஜார்ஜ் இங்கிள் ஃபிஞ்ச், ஜெஃப்ரி புரூஸ், கூர்க்கா வீரர் தேஜ்பீர் ஆகியோர் சுமார் 25,500 அடி உயரத்தில் புயலில் சிக்கினர். இரண்டாம் நாள் மாலை ஷெர்பாக்கள் சிலர், யாரும் கட்டளையிடாமலே, குடுவைகளில் சூடான பானம் சுமந்து மேலேறி வந்தனர். அன்றிரவு உறக்கப்பைக்குள் இருந்தும் மூவரின் கைகால்களும் மரத்துப்போயின. ஏறுவதற்காகக் கொண்டுவந்த ஆக்சிஜனை ஃபிஞ்ச் படுக்கையிலேயே சுவாசிக்கச் செய்தார். சிறிது நேரத்தில் உடல் கதகதத்தது, உறக்கமும் வந்தது. பையில் எந்த மாற்றமும் இல்லை. பையினுள் எரியும் அடுப்புக்குக் காற்று கிடைத்தது, அவ்வளவே. இறகு அடைத்த மேலாடையை எவரெஸ்டுக்கு முதலில் அணிந்து சென்றவரும் ஃபிஞ்சே. இந்தியா விடுதலை பெற்ற பின் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு அவர் இயக்குநராக இருந்தார்.

விற்பனைச் சீட்டில் உடல் ஏறுவதற்கு மேலும் எண்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அதுவரை ‘இத்தனை டிகிரி வரை தாங்கும்’ என்ற எண்ணை நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி அச்சிட்டு வந்தன. 2002-இல் ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 13537 அதற்கு முறை வகுத்தது. 2016-இல் ஐஎஸ்ஓ 23537 அதன் இடத்துக்கு வந்தது. வெப்பமூட்டிய மனித உருவப் பொம்மையைப் பைக்குள் கிடத்தி, வெளியேறும் வெப்பத்தை அளந்து, அதிலிருந்து மூன்று எண்களைக் கணிக்கின்றனர். முதலாவது சுக எல்லை: இயல்பாகக் கைகால் நீட்டிப் படுக்கும் தரநிலைப் பெண்ணுக்கு உரியது. இரண்டாவது கீழ் எல்லை: உடலைச் சுருட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் உறங்கும் தரநிலை ஆணுக்கு உரியது. மூன்றாவது இறுதி எல்லை: அங்கு உறக்கம் இல்லை, உயிர் தப்புவது மட்டுமே, உடல் குளிர்ந்து ஆபத்துக்குள்ளாகும் வாய்ப்பும் உண்டு. முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் இடையே பொதுவாக ஐந்தாறு டிகிரி வேறுபாடு. மூன்றாவது வெகு கீழே கிடக்கும்.

உடல் கணக்கில் ஏறியது. ஆனால் ஏறியது எந்த உடல்? தரநிலை ஆண் 25 வயதினர், 73 கிலோ அல்லது அதை ஒட்டிய எடையினர். தரநிலைப் பெண்ணும் 25 வயதினரே, சுமார் 60 கிலோ எடையினர். இமயத்திற்குக் களப்பணிக்கோ மலைநடைக்கோ செல்லும் இந்திய மாணவர் பலர் இவ்வளவு எடை கொண்டவர் அல்லர். ஒல்லியான உடல், நாள் முழுதும் நடந்து களைத்த உடல், உண்ணாமல் படுத்த உடல், உயரத்தில் மூச்சுக்குத் திணறும் உடல் என எதற்கும் அச்சீட்டில் தனி எண் இல்லை. பனி காணாத சமவெளியிலிருந்து செல்பவர் பையின் மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணை நம்பி வாங்கும்போது, அது பெரும்பாலும் கீழ் எல்லையாக இருக்கும். அதாவது சுருண்டு படுத்த வேறொருவரின் குளிர்.

ஆகவே பை தேர்வோர் சுக எல்லையைப் பார்ப்பது நலம். செல்லும் இடத்தின் கடுங்குளிருக்கும் கீழே சில டிகிரி அது அமைவது இன்னும் நலம். உடலுக்கு அடியில் நசுங்கிய இறகில் காற்று தங்காது. தரைக்குளிரைத் தடுப்பது விரிப்பே. தரநிலைச் சோதனையிலும் பொம்மைக்கு அடியில் விரிப்பு உண்டு. இறகு எடை குறைந்தது, ஆனால் நனைந்தால் ஒடுங்கிவிடும். ஈரம் மிகுந்த இடங்களுக்குச் செயற்கை இழை ஏற்றது. மூச்சைப் பைக்குள் விடாமல் முகத்தை வெளியே வைப்பதும், காலையில் பையை உலர்த்துவதும் கேப் குரோசியர் கற்பித்த பாடங்கள். உறங்குமுன் வயிறார உண்பது அவை எல்லாவற்றுக்கும் முந்தையது. பை காப்பது அந்த உணவிலிருந்து உடல் உண்டாக்கிய வெப்பத்தையே.