எஞ்சியவர்களின் கணக்கு

"ஒருதரம் அம்மை போட்டா மறுபடி போடாது" என்பாள் என் பாட்டி. அம்மை கண்ட வீட்டுக்குள் துணிந்து நுழைவதும் முன்பே அம்மை கண்டவர்கள்தாம். இந்த அனுபவ அறிவை மருத்துவம் எண்ணாக்கிய தருணங்களில் ஒன்று 1846. டென்மார்க் அரசு ஃபாரோ தீவுகளுக்கு அனுப்பிய இளம் மருத்துவர் பீட்டர் பானும், 1781இல் தட்டம்மை கண்டு பிழைத்திருந்த 98 முதியவர்களைப் பார்த்தார். ஒருவரையும் அது திரும்பத் தொடவில்லை. 65 வருஷங்கள் உடல் மறக்காமல் இருந்திருக்கிறது.

இங்கிலாந்தின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நடந்த விவால்டி ஆய்வை இதன் தொடர்ச்சியாகவே வாசிக்கிறேன். 2020 அக்டோபர் முதல் 2021 பிப்ரவரி தொடக்கம் வரையான கணக்கு அது. கொரோனா எதிர்ப்பொருள் இல்லாத 456 முதியவர்களில் 93 பேருக்குத் தொற்று. ஏற்கெனவே எதிர்ப்பொருள் இருந்த 226 பேரில் 4 பேருக்குத்தான். பணியாளர்களில் இதுவே 1,021க்கு 111, 408க்கு 10. தளர்ந்த உடலும் நினைவு வைத்திருக்கிறது என்பது சின்ன விஷயமல்ல. தட்டம்மை போல இந்த அரண் நிலைக்காது என்பது ஒமிக்ரான் வந்த பிறகு தெரிந்துவிட்டது; அது வேறு.

இந்த அட்டவணைக்குள் யார் இல்லை? கணக்கு தொடங்கும் முன்பே செத்துப்போனவர்கள். 2020 மார்ச் 17இல் மருத்துவமனைப் படுக்கைகளைக் காலி செய்யச் சொன்னார்கள். ஏப்ரல் 15க்குள் சுமார் 25,000 பேர் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள், எல்லோருக்கும் பரிசோதனை என்ற விதி இல்லாமலே. அறிகுறியில்லாதவர் வழியே பரவும் ஆபத்தைக் கணக்கிலெடுக்காத அந்தக் கொள்கை சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் சொன்னது. செத்தவங்களுக்கு அதனால என்ன?

ஆய்வாளர்களைக் குற்றம் சொல்லவில்லை. எதிர்ப்புச் சக்தியை உயிரோடிருப்பவர்களிடம்தானே அளக்க முடியும்? பானும் பார்த்த 98 பேரும் எஞ்சியவர்களே. சிக்கல், இந்த எண்ணை அதிகாரம் வாசிக்கும் விதத்தில் இருக்கிறது. 'வந்துட்டுப் போகட்டும், அப்புறம் பாதுகாப்புதானே' என்கிற வாசிப்பில் 226 தெரியும். அதற்குக் கொடுத்த விலை தெரியாது.

அதே குழுவின் இன்னொரு ஆய்வு, பணியாளருக்கு நோய்க்கால ஊதியம் கொடுத்த இல்லங்களில் முதியவர்களுக்குத் தொற்று குறைவாக இருந்ததைக் காட்டியது. சம்பளம் போயிடுமேன்னு காய்ச்சலோடு வேலைக்கு வர வேண்டியதில்லை. இதுவும் ஒரு தடுப்புதான். இதைப் பெற யாரும் முதலில் நோயில் விழ வேண்டியதில்லை. நாம் பேச வேண்டிய எதிர்ப்புச் சக்தி இது என்றே நினைக்கிறேன்.