பை இன் த ஸ்கை

பை இன் த ஸ்கை என்பது, கேட்பதற்கு இனிமையாக இருந்தும் கைகூட வாய்ப்பில்லாத நம்பிக்கையை அல்லது வாக்குறுதியைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர் ஆகும். பை என்பது மாவுறைக்குள் பழம் அல்லது இறைச்சி வைத்துச் சுடப்படும் உணவு. அது வானத்தில் இருப்பதாகக் கூறுவதே இதன் நேர்ப்பொருள்.

சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய தொழிற்சங்கப் பாடலாசிரியர் ஜோ ஹில் (1879 - 1915), 1911 இல் வெளியான "த பிரீச்சர் அண்ட் த ஸ்லேவ்" என்னும் பாடலில் இத்தொடரைப் பயன்படுத்தினார். கிறித்தவப் பாடலொன்றின் மெட்டில் அமைந்த இப்பகடிப் பாடல், பசித்த தொழிலாளருக்கு உணவுக்குப் பதிலாக மறுமை இன்பத்தைக் காட்டிய சமயப் பரப்புரையாளர்களை எள்ளியது. பின்னர் நடைமுறைக்கு ஒவ்வாத எத்திட்டத்தையும் இத்தொடர் குறிக்கலாயிற்று.

தமிழில் மனக்கோட்டை என்பது ஒருவர் தாமே கட்டுவது; இத்தொடரோ பெரும்பாலும் பிறர் காட்டும் ஆசையைச் சுட்டும்.