ஆறு வட்டப் பெயர்களும் ஒரு கூட்டல் விதியும்: சி மொழியில் சரமிணைப்பின் நீளம் குறித்து

இரு சரங்களை இணைக்க அவற்றின் நீளங்களைக் கூட்டி, இறுதிச் சுழிப் பைட்டுக்கு ஒன்று சேர்த்து நினைவகம் ஒதுக்கினால் போதும் என்ற சி மொழி வழக்கத்தைத் தமிழ்ச் சொல்லாக்கத்துக்கும் அப்படியே பொருத்தும் ஆய்வுப்போக்கு ஒன்று உண்டு. புணர்ச்சி மேலடுக்கின் கவலை, கீழடுக்குக்கு நகலெடுப்பதே வேலை என்பது அதன் வாதம். நீலகிரியின் ஆறு வட்டப் பெயர்களுக்கே இந்த வாதம் ஈடுகொடுக்கவில்லை.

பெயர்களோடு ‘இல்’ உருபைச் சேர்ப்போம். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட். குன்னூர் 24, இல் 9, கூட்டினால் 33. ‘குன்னூரில்’ என்பதோ 30தான். கூடலூரும் பந்தலூரும் இப்படியே 3 பைட் குறைகின்றன. கோத்தகிரியிலும் குந்தாவிலும் உடம்படுமெய் நுழைந்து 3 பைட் கூடுகிறது. உதகமண்டலத்தில் மகரம் கெட்டு அத்துச் சாரியை ஏற, 39 எதிர்பார்த்த இடத்தில் 42. ஆறில் ஒன்றுகூடக் கூட்டுத்தொகைக்குச் சமமில்லை. (வேடிக்கை என்னவென்றால், ஆறின் மொத்தம் இரு கணக்கிலும் 198. சராசரியை மட்டும் பார்க்கும் சோதனையில் எதுவும் அகப்படாது.)

இப்போக்கினர் சான்றாக நீட்டுவது கெர்னிகன், ரிச்சி இருவரின் 1978ஆம் ஆண்டு சி மொழி நூலில் உள்ள ‘ஸ்ட்ர்கேட்’ செயற்கூறை. அங்கே கேட்கப்படுவது ஏற்கும் சரத்தில் போதிய இடம் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. எவ்வளவு போதும் என்பது அழைப்பவர் பொறுப்பு. அச்செயற்கூறு வெறுமனே ஒட்டுவதால் அதற்குக் கூட்டல் சரி. அதிலிருந்து இணைப்புக்கெல்லாம் பொதுவிதி எடுப்பது நூலில் இல்லாததை ஏற்றிப் படிப்பதாகவே எனக்குப் படுகிறது.

தொல்காப்பியப் புணரியல் கூறும் மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் மூன்றையும் நேரே பைட் கணக்காக மாற்றலாம் என்றும் நான் சொல்லவில்லை. ‘குன்னூரில்’ போல மெய்மேல் உயிர் ஏறுவதை நன்னூல் இயல்பு என்கிறது. நினைவகத்திலோ அது குறைவு: புள்ளியும் இகரமும் போய் ஒரே உயிர்க்குறி வருகிறது. ஆகவே கூட்டலும் நீளத்தைத் தராது, இலக்கண வகையும் தராது. விளைந்த சொல்லை அளப்பதே வழி.

அளக்காவிட்டால் என்ன ஆகும்? ஓபன்பிஎஸ்டி 1998இல் கொண்டுவந்த ‘ஸ்ட்ர்எல்கேட்’ போன்ற, எல்லை மீறாத செயற்கூற்றால் ‘உதகமண்டலத்தில்’ என்பதை, கூட்டல் விதிப்படி ஒதுக்கிய 40 பைட் இடத்தில் எழுதினால் கடைசிப் புள்ளி மட்டும் உதிர்ந்து ‘உதகமண்டலத்தில’ எஞ்சும். அது பழுதற்ற யுடிஎஃப்-8. திரும்பி வரும் நீளத்தைப் பார்க்காதவருக்குப் பிழையின் சுவடே தெரியாது. நிரல் முறிந்திருந்தாலே தேவலை. சி99 தரத்தின் ‘எஸ்என்பிரிண்ட்எஃப்’ அளவைச் சுழியமாகக் கொடுத்தால் தேவையான நீளத்தை மட்டும் சொல்கிறது. புணர்ச்சிச் செயற்கூறும் அப்படி இருமுறை ஓட வேண்டும். முதல் ஓட்டத்தில் அளவு, அடுத்ததில் எழுத்து.

இது உருபனியல், சரமிணைப்பு அன்று என்பார்கள். ஒதுக்கும் இடம் கீழடுக்கில் இருக்கும்வரை இந்த எல்லைக்கோடு உதவாது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு ஏற்ற டேஸ்-16 குறியாக்கத்தில் எழுத்துக்கு 2 பைட் என்பதால் சிக்கலே இல்லை என்பதும் அரை உண்மைதான். ‘இல்’ உருபுக்கு அங்கே கூட்டுத்தொகை போதுகிறது. ஆனால் ‘ஊட்டி’ 6, ‘கு’ 2; ‘ஊட்டிக்கு’ 10.