பூனைகள் மணற்பெட்டிக்கு வெளியே சிறுநீர் கழித்தல்

பூனைகள் மணற்பெட்டிக்கு வெளியே சிறுநீர் கழித்தல் என்பது, வீட்டினுள் வளர்க்கப்படும் பூனை தனக்கென வைக்கப்பட்ட மணற்பெட்டியைத் தவிர்த்துத் தரை, படுக்கை, துணிக்குவியல், சுவர் முதலிய இடங்களில் சிறுநீர் கழிப்பதைக் குறிக்கும். பூனைகள் கைவிடப்படுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும். பூனை பழிவாங்கும் நோக்குடன் இவ்வாறு செய்கிறது என்ற கருத்து பரவலாக இருப்பினும் அது சரியன்று. நோய், பெட்டியின் குறைபாடு, மன அழுத்தம், எல்லை குறித்தல் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இதற்குக் காரணமாக அமைகின்றன.

பின்னணி

வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை வறண்ட நிலங்களில் வாழும் விலங்காகும். தளர்ந்த மண்ணைத் தோண்டிக் கழிவை மூடும் இயல்பு வீட்டுப் பூனைக்கும் உண்டு. மணற்பெட்டி இவ்வியல்பையே பயன்படுத்துகிறது. தொடக்கத்தில் மணலும் சாம்பலும் பெட்டியில் இடப்பட்டன. 1947 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்ட் லோவ், ஈரத்தை உறிஞ்சும் களிமண் துகள்களை இதற்கென அறிமுகப்படுத்தினார். நனைந்தால் கட்டியாகும் பென்டோனைட்டு களிமண் 1980களில் பயன்பாட்டுக்கு வந்தது.

உடல்நலக் காரணங்கள்

பெட்டியை ஒழுங்காகப் பயன்படுத்திவந்த பூனை திடீரென அதைத் தவிர்த்தால் முதலில் நோயையே ஐயுற வேண்டும். சிறுநீர்ப்பை அழற்சி, சிறுநீர்க் கற்கள், சிறுநீரக நோய், நீரிழிவு, முதிய பூனைகளில் மூட்டுவலி ஆகியவை குறிப்பிடத்தக்கவை. சிறுநீர் கழிக்கையில் வலி உண்டானால், பூனை அவ்வலியைப் பெட்டியுடன் தொடர்புபடுத்தி வேறிடம் தேடும்.

ஆண் பூனையின் சிறுநீர்வடிகுழாய் மிகக் குறுகியது. கற்களோ சளி அடைப்போ அதனை முழுமையாக மூடிவிடக்கூடும். பூனை மீண்டும் மீண்டும் முக்கியும் சிறுநீர் வெளிவராதிருத்தல், கத்துதல், வாந்தி, சோர்வு ஆகியன இதன் அறிகுறிகளாகும். குருதியில் பொட்டாசியம் மிகுந்து ஓரிரு நாட்களில் உயிரிழப்பு நேரலாம். எனவே உடனடியாகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்வது இன்றியமையாதது.

எல்லை குறித்தல்

சாதாரணமாகச் சிறுநீர் கழிக்கும் பூனை குந்தியவாறு, கிடைமட்டப் பரப்பில், மிகுந்த அளவில் கழிக்கும். எல்லை குறிக்கும் பூனையோ நின்றபடி, வாலை உயர்த்தி நடுக்கி, சுவர் போன்ற செங்குத்தான பரப்பில் சிறிதளவு பீய்ச்சும். இது காயடிக்கப்படாத ஆண் பூனைகளில் மிகுதி. காயடித்தபின் ஏறத்தாழ 90 விழுக்காடு ஆண் பூனைகளில் இப்பழக்கம் நின்றுவிடுகிறது அல்லது பெரிதும் குறைகிறது. பெண் பூனைகளும் சில வேளைகளில் எல்லை குறிப்பதுண்டு.

தடுக்கும் முறைகள்

* பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக வைத்தல். இரு பூனைகள் இருப்பின் மூன்று பெட்டிகள் தேவை. அவற்றை வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும்.
* பெட்டியின் நீளம் பூனையின் உடல் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கேனும் இருத்தல். முதிய பூனைக்கு ஒரு பக்க விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும்.
* கழிவை நாள்தோறும் அகற்றுதல்.
* நறுமணமற்ற, நுண்ணிய துகள்களைப் பயன்படுத்துதல். துகள் வகையைத் திடீரென மாற்றலாகாது.
* பெட்டியை உணவுத் தட்டிலிருந்தும் இரைச்சல் மிகுந்த இடங்களிலிருந்தும் விலக்கி வைத்தல்.
* புதிய விலங்கு, குழந்தை, வீடு மாற்றம் போன்றவற்றால் உண்டாகும் அழுத்தத்தைக் குறைக்க, மறைவிடங்களும் உயரமான இருப்பிடங்களும் அமைத்தல்.

தூய்மை செய்தல்

எஞ்சிய மணம் பூனையை அதே இடத்துக்கு மீண்டும் ஈர்க்கும். ஆகவே சிறுநீர்ச் சேர்மங்களைச் சிதைக்கும் நொதி கலந்த தூய்மையாக்கிகள் பரிந்துரைக்கப்படுகின்றன. அமோனியா கலந்தவற்றின் மணம் சிறுநீரை ஒத்திருப்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளில் தரை துடைக்கப் பயன்படும் பினாயிலும் ஏற்றதன்று. பீனால் சேர்மங்களைப் பூனையின் கல்லீரல் எளிதில் மாற்றி வெளியேற்ற இயலாது. கால்களை நக்கும்போது அவை உடலுட் சென்று நஞ்சாகலாம்.

தண்டனை

அடித்தல், அதட்டுதல், சிறுநீரில் மூக்கைத் தேய்த்தல் ஆகியவை பயன் தருவதில்லை. பூனை தண்டனையைத் தன் செயலுடன் தொடர்புபடுத்தாமல் வளர்ப்பவரைக் கண்டு அஞ்சவே கற்கிறது. அச்சம் மன அழுத்தத்தைக் கூட்டுவதால் சிக்கல் மேலும் தீவிரமடைகிறது.